மடியில் கட்டிய கொளுஞ்சி

அந்தக் காலத்தில் செடிகளுக்கு வாய் இருந்தது, மனுசருக்கு அதைக் கேட்கிற காதும் இருந்தது. வாய் இருந்த செடிகளிலேயே வெள்ளந்தியானது எதுவென்றால் கொளுஞ்சிதான். முழங்கால் உயரம் நிற்கும். கத்தரிப்பூ நிறத்தில் பூக்கும். இலையைக் கிள்ளி வாயில் போட்டால் இனிக்கும். யார் வந்து எதைக் கேட்டாலும் எடுத்துக்கோ என்று சொல்லும். அதன் விதையும் அப்படித்தான். வெங்காயச் சருகு மாதிரி மெல்லிசுத் தோல். வானம் ஒரு சொட்டுப் போட்டால் போதும், மழை வந்துவிட்டது என்று நம்பி எழுந்து நிற்கும். அடுத்த சொட்டு வருமா வராதா என்று யோசிக்கிற புத்தியெல்லாம் அதற்குக் கிடையாது. இப்படிப்பட்டவர்களை உலகம் எப்படி நடத்தும் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

அப்போது ஊருக்கு மேற்கே மாடத்தி என்று ஒருத்தி இருந்தாள். புருசனைப் பாம்பு கடித்துவிட்டது. பிள்ளை இல்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு கொழுந்தன் கொம்பையா பங்கு பிரித்தான். கிணற்றடி நிலம் அவனுக்கு, கரிசல் அவனுக்கு, வீடும் அவனுக்கு. மதினிக்கு ஒரு செவல் மேடு. அதில் கலப்பையை வைத்தால் கொழு முனை தெறித்துவிடும். கள்ளிகூட அங்கே முளைக்க யோசிக்கும்.

"மதினி, நான் வஞ்சகம் பண்ணிட்டேன்னு ஊரு சொல்லிரக் கூடாது பாருங்க," என்றான் கொம்பையா. "வார ஐப்பசிக்குள்ள இதுல கம்பு வெதைங்க. கதிரு வாங்கிட்டுன்னா மேடு ஒங்களுக்கு. வாங்கலேன்னா தரிசை வச்சுக்கிட்டு என்ன செய்யப் போறீங்க? எங்க வீட்டுல சாணி சகதி அள்ளிப் போட்டுக்கிட்டு ஒரு ஓரமாக் கெடங்க."

மாடத்திக்கு அந்த வீட்டு மாட்டுத் தொழுவமும் தெரியும், அந்த ஓரமும் தெரியும். சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டு, மேட்டிலேயே ஒரு குச்சுக்குடிசை கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு நாள் ஓடைப் பக்கம் விறகு பொறுக்கப் போனவள், சரளைக் கல்லுக்கு நடுவே தூர் பெருத்த ஒரு கிழட்டுக் கொளுஞ்சி நிற்பதைப் பார்த்தாள். சுற்றிலும் கல். அதன் காலடியில் மட்டும் மண் கறுத்துப் பொலபொலவென்று இருந்தது. விரலை விட்டுப் பார்த்தாள். கணு வரைக்கும் இறங்கியது.

"இது எப்படி இங்க வந்துச்சு?" என்று கேட்டாள்.

"நான் நிக்கிற எடம் அப்படித்தான் ஆகும் தாயி," என்றது கொளுஞ்சி. "மண்ணுக்குச் சோறு போடுத வேரு என்னோடது."

மாடத்தி உடனே இரண்டு கையாலும் தூரைப் பிடித்தாள். "அப்ப என் கூட வந்துரு."

"பிடுங்காத, பிடுங்காத! ஆணிவேரு அறுந்துட்டுன்னா நான் செத்தேன். பொறந்த எடத்த விட்டு எனக்குப் போக்கு கெடையாது. பிள்ளைகளத் தாரேன், கொண்டு போ. ஒரே ஒரு பேச்சு. அதுகளும் காய்ச்சு, காய் வத்தி, பிள்ளை பெத்துப் பாக்கணும். அது வரைக்கும் ஒண்ணும் செஞ்சிராத. எங்க வச்சிருப்ப அதுகள?"

"மடியிலதான்," என்றாள் மாடத்தி. முந்தானையை விரித்துக் காட்டினாள். "எம்மடிதான் சும்மாக் கெடக்கே. மடியில வச்சுப் பாத்துக்கிடுதேன் தாயி."

கொளுஞ்சி வற்றல் காய்களை எல்லாம் அவள் மடியில் உதிர்த்தது. மாடத்தி மடியை முடிந்துகொண்டு, பிள்ளைத்தாய்ச்சி நடப்பது போல மெதுவாக நடந்து வந்தாள். அன்றைக்கு அவள் சொன்னது பொய்யில்லை. பொய்யாக இருந்திருந்தால் இந்தக் கதையைச் சொல்லுகிற எனக்கும் இவ்வளவு வயிற்றெரிச்சல் இருக்காது.

சித்திரையில் ஒரு கோடை மழை பெய்தது. விதைத்தது ஒன்றுகூட விடாமல் முளைத்துவிட்டது. அடுத்த மழை வரவில்லை. மாடத்தி ஓடைப் பள்ளத்தில் ஊற்றுத் தோண்டிக் குடம் குடமாகத் தூக்கிக்கொண்டு வந்து ஊற்றினாள். தோள்பட்டை வீங்கிப்போனது. குஞ்சுச் செடிகளெல்லாம் அவளை 'யம்மா' என்று கூப்பிட்டன. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தச் சொல்லுக்காகக் கோயில் கோயிலாக விழுந்து கும்பிட்டவள். தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு அழுதாள். சந்தோசத்தில்தான்.

ஆடிக் காற்று அடித்தபோது வளைந்து கொடுத்தன. யார் முதலில் பூப்பது என்று தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டன. மாடத்தி நடுவில் புகுந்து விலக்கிவிட்டாள். ஆவணியில் மேடு முழுக்க ஒரே கத்தரிப்பூ நிறம். மண்ணைக் கிள்ளினால் மாவாக வந்தது.

கொம்பையா ஒரு நாள் வந்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பில் நின்று பார்த்தான்.

"மதினி, பூவப் பாத்துக்கிட்டே இருந்தா கஞ்சிக்கு என்ன வழி? இப்ப மடக்கி உழுதாத்தான் மட்கி மண்ணுக்கு உரமாவும். காய் புடிக்க விட்டீங்க, சத்தெல்லாம் வெதைக்குப் போயிரும், தண்டு வெறகாப் போயிரும். ஐப்பசி வந்தா கம்ப எங்க வெதைப்பீங்க? இதுக தலையிலயா?"

"காய் வத்தட்டும்னு வாக்குக் குடுத்திருக்கேன் தம்பி."

"செடிக்கா?" கொம்பையா சிரித்தான். "எனக்கும் ஒரு வாக்குக் குடுத்திருக்கீங்க, ஞாவகம் இருக்கா? மாடு வேணும்னா சொல்லி விடுங்க. பாவம்னு பாக்கேன்."

அவன் பாவம் பார்த்தது ஒரு பக்கம் இருக்கட்டும். சொன்ன கணக்கு சரியான கணக்கு. மாடத்தி செடிகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்தாள்.

"ஏ பிள்ளைகளா, காய் வத்த எம்புட்டு நாள் ஆவும்?"

"ஐப்பசி கழியணும்மா. ஏன் கேக்க?"

"சும்மாத்தான்," என்றாள். மேற்கே மேகம் திரண்டுகொண்டிருந்தது. கொம்பையா வீட்டுத் தொழுவத்தின் நாற்றம் இவ்வளவு தூரம் வந்து மூக்கில் ஏறியது போல இருந்தது அவளுக்கு. மறுநாள் மாட்டுக்குச் சொல்லிவிட்டாள்.

நுகத்தடியில் பூட்டிய செவலைக்காளை மேட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டது. "தாயி, பூவுல நிக்கிதுகளே," என்றது.

"நட," என்றாள் மாடத்தி.

முதல் சாலில் மடங்கிய செடிகளுக்கு என்ன நடக்கிறது என்றே புரியவில்லை. ஒரு குட்டிச் செடி விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தது. "யம்மா, எனக்கு, எனக்கு!" என்றது. அடுத்த சாலில் சிரிப்பு நின்றுவிட்டது. "யம்மா, என்ன செய்யுத? யம்மா, நாங்கதான்மா!" திரும்பிப் பார்க்கக் கூடாது என்று மாடத்தி பல்லைக் கடித்துக்கொண்டாள். ஆனால் உழவு சுற்றிச் சுற்றித்தானே வரும்? ஒவ்வொரு தடவை மேழியைத் திருப்பும்போதும் எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டியிருந்தது. பொழுது சாய்வதற்குள் மேடு முழுக்க அமைதியாகிவிட்டது.

இதையெல்லாம் வேலிப்பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தது ஒரு வெள்ளாடு. பெயர்தான் வெள்ளாடு, நிறம் கன்னங்கறுப்பு, வாயும் அப்படித்தான். அது ஓட்டமாக ஓடிப்போய்க் கிழட்டுக் கொளுஞ்சியின் முன்னால் நின்று, வழக்கம்போல ஒரு கொத்து இலையைக் கடித்து மென்றுகொண்டே பேச்சைத் தொடங்கியது.

"ஒம் பிள்ளைகளப் பாத்துட்டு வாரேன்."

"நல்லா இருக்குதுகளா? பூத்திட்டா?"

"பூத்துச்சு, பூத்துச்சு. பூவோட வச்சு மடக்கி உழுதுட்டா ஒங்க மாடத்தி. ஒண்ணு இல்ல."

 காற்று அடித்தும் கொளுஞ்சியின் இலை அசையவில்லை.

"மடியில வைக்கேன்னு சொன்னா," என்றது. "மடிய வச்சிட்டாளே."

அந்தச் சொல் முடிவதற்குள் ஆட்டின் வாயில் இருந்த இலை கசந்தது. பாதி மென்றதைத் துப்பிவிட்டு ஆடு நாக்கை மண்ணில் தேய்த்தது. கொளுஞ்சி தன் கிளையில் மிச்சம் இருந்த காய்களைப் பார்த்துச் சொன்னது: "பிள்ளைகளா, இனி ஒங்களுக்குத் தோலு கல்லாப் போகட்டும். மழைன்னு யாரு சொன்னாலும் நம்பாதீங்க. மடின்னு விரிச்சா அதுல விழாதீங்க, வெடிச்சுத் தூரப் போயிருங்க. மேலுத் தோலு நொந்தா மட்டும் கண்ணத் தொறங்க." அதுதான் கொளுஞ்சி பேசிய கடைசிப் பேச்சு.

மேட்டில் கம்பு விளைந்தது. அப்படி ஒரு விளைச்சலை அந்த ஊர் பார்த்ததில்லை. கதிர் ஒவ்வொன்றும் முழங்கை நீளம். கொம்பையா அரிவாளோடும் ஆளோடும் வந்து இறங்கினான்.

"கதிரு வாங்குனா மேடு எனக்குன்னு சொன்னியே தம்பி," என்றாள் மாடத்தி.

"சொன்னேன் மதினி, இல்லேங்கல. அப்ப நெசமாத்தான் சொன்னேன். அப்ப அது தரிசுல்லா? இப்ப நல்ல நிலமாயிட்டு. நல்ல நிலத்த ஒத்தப் பொம்பளைகிட்ட விட்டா ஊரு என்னையத்தான ஏசும்?" ஓடைப் பக்கம் கையைக் காட்டினான். "அங்கிட்டுச் சரளை சும்மாக் கெடக்கு. ஒங்க கைராசிக்கு அதையும் ஒரு வருசத்துல மண்ணாக்கிருவீங்க."

ஆறு கடக்கும் மட்டும் அண்ணன் தம்பி, ஆறு கடந்தால் நீ யாரோ நான் யாரோ. நியாயம் பேச ஊரில் நாலு பேர் வந்தார்கள், கொம்பையா வீட்டுக் கம்பங்கூழ் குடித்தார்கள், போனார்கள். மாடத்தி வாயைத் திறக்கவில்லை. எந்த வாயை வைத்துத் திறப்பாள்?

சரளைக்குப் போய், கிழட்டுக் கொளுஞ்சியின் முன்னால் நின்றாள். "தாயி," என்றாள். பதில் இல்லை. முந்தானையை விரித்தாள். வெயிலில் காய்கள் படபடவென்று முறுக்கி வெடித்து, அவள் மடியைத் தாண்டிக் கல்லுக்குள் சிதறின. குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். விதைத்தாள். மழை பெய்தது. ஒன்றும் முளைக்கவில்லை. மறுபடி பெய்தது. தோண்டிப் பார்த்தாள். போட்ட விதை போட்டபடியே பொடிக்கல் மாதிரிக் கிடந்தது.

மாடத்திக்கு ஆத்திரம் பொங்கியது. விதையை எல்லாம் அள்ளிப் பாறையில் கொட்டி, மேலே மணலைப் போட்டு, உள்ளங்கையால் தேய்த்தாள்.

"பேசு! திட்டவாவது செய்யி! என்னைய நீ காறித் துப்பக் கூடாதா?"

கைத்தோல் உரிந்து மணல் சிவக்கும் வரைக்கும் தேய்த்தாள். விதைகள் பேசவில்லை. கீறல் விழுந்ததை மட்டும் அள்ளி மண்ணில் எறிந்துவிட்டுப் போய்ப் படுத்தாள். அடுத்த மழைக்கு அவை முளைத்திருந்தன.

ஊற்று நீர் தூக்கி ஊற்றினாள். வளர்ந்தன. ஆவணியில் பூத்தன. மாடத்தி தினமும் நடுவில் போய் உட்கார்ந்து காதைக் கொடுத்துப் பார்த்தாள். ஒரே ஒரு தடவை 'யம்மா' என்று கூப்பிடட்டும், காய் வற்றும் மட்டும் பட்டினி கிடக்கவும் தயார் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். ஒரு செடியும் கூப்பிடவில்லை. மேற்கே மேகம் திரண்டது. குச்சுக்குள் பானையில் ஒன்றும் இல்லை. கொம்பையா வீட்டு மாடுகளை வாங்கிக்கொண்டு வந்து பூட்டினாள். செவலைக்காளைகூட இந்தத் தடவை ஒன்றும் சொல்லவில்லை.

கிழட்டுக் கொளுஞ்சி வாயை மூடிய நாள் முதல்தான் கொளுஞ்சி ஆட்டுக்குக் கசக்கிறது. மணல் போட்டுத் தேய்த்துத் தோலைப் புண்ணாக்கினால் ஒழிய அதன் விதை எந்த மழையையும் நம்புவதில்லை. பூத்து நிற்கிறபோது மடக்கி உழ வருகிறவர்களைப் பார்த்து, ஏன் என்று அது கேட்பதுமில்லை.