குழி விழுந்த உருண்டை

காவி கட்டுவதற்கு முன் தனக்குத்தானே கருமாதி செய்துகொள்ள வேண்டும். அந்த ஆற்றங்கரை மடத்தில் அதுதான் வழக்கம். உருட்டி வைத்த சோற்றைக் காகம் எடுத்தால்தான் ஆள் இந்த உலகத்துக்குச் செத்தவன்.

தான் செத்தவன் என்பதில் மாசிலாமணிக்குச் சந்தேகமே இல்லை. மனைவி பூங்கோதையையும் நாலு வயது மகளையும் விட்டு வந்து எட்டு மாதம் ஆகிறது. கிளம்பும்போது, "நான் செத்துட்டேன்னு நெனச்சுக்கோ" என்று வேறு சொல்லிவிட்டு வந்த புண்ணியவான்.

உச்சி வெயில். மூன்று உருண்டை பிடித்து இலையில் வைத்தான். காகங்கள் வந்தன. மணலே தெரியாத அளவுக்கு வந்தன. ஒன்றுகூடக் கத்தவில்லை, ஒன்றுகூட அலகு வைக்கவில்லை. விரட்ட விரட்ட வந்து தட்டில் வாய் வைக்கும் சாதி, வட்டமாக உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

மரத்தடியிலிருந்து குருநாதர், "சோத்தைப் பாரு" என்றார்.

குனிந்தான். மூன்று உருண்டைகளின் உச்சியிலும் ஒரு குழி. சின்னக் கட்டைவிரல் அழுத்திய அளவு.

"நான் அழுத்தலை சாமி."

"வேற உருட்டு."

உருட்டி வைத்துக் கையை எடுத்தான். அவன் கண்ணெதிரே சோறு மெல்ல உள்ளே அமுங்கியது.

"யாரு கை அது?" என்றார் குருநாதர்.

அவன் தன் கட்டைவிரலைக் குழியில் வைத்துப் பார்த்தான்; நுழையவில்லை.

"எம் மக. வீட்டுல நான் சோறு உருட்டுவேன். அவ விரலால குழி போடுவா. அவ அம்மா அதுல குழம்பு ஊத்துவா. அப்புறம் நான் ஊட்டினாத்தான் வாயைத் திறப்பா."

சொல்லி வாய் மூடவில்லை, குழிகளில் ஈரம் ஊறியது. பூங்கோதை வைக்கும் வெந்தயக் குழம்பின் வாசனை. மாசிலாமணிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் மறுபடியும் சோற்றைப் பிசைந்தான். உருண்டை உடைந்து உடைந்து போயிற்று.

"காக்கா ஏன் சாமி தொட மாட்டேங்குது? நான் இன்னும் சாகலையா?"

குருநாதர் எழுந்து வந்தார். அவனுக்காக வைத்திருந்த காவித் துணியை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"செத்தவனுக்கு வச்சதைத்தான் காக்கா எடுக்கும். இது புள்ளைக்கு உருட்டினது. அங்க அது வாயைத் திறந்துக்கிட்டு உக்காந்திருக்கு. சோறு ஆறுறதுக்குள்ள போ."