சிடியில் மீதி இருந்தது

"ஒரு ஃபைல்கூட விடலீங்க டீச்சர். ஆனாலும் பாட்டு வரலை."

திருவேங்கடம் படியேறி வந்த மூச்சு அடங்குவதற்கு முன்பே சொல்லிவிட்டார்.

டீச்சர் நிமிரவில்லை. ஒரு சின்ன ஸ்க்ரூவை இடுக்கியால் பிடித்து அதன் இடத்தில் வைத்துக்கொண்டிருந்தார்.

"உக்காருங்க சார். பேரைப் படிச்சீங்களா?"

"இன்னும் இல்லீங்க."

"படிச்சுட்டு உக்காருங்க."

காந்திபுரத்தில் ஜிப்பும் பட்டனும் விற்கிற கடைக்கு மேல்மாடி அது. சிடியில் வந்த பழைய கம்ப்யூட்டர் ஆட்டங்களை, லினக்ஸ் என்கிற இலவச சாஃப்ட்வேரில் இயங்கும் இந்தக் காலத்து மெஷின்களில் ஓட வைக்கக் கற்றுத்தருகிறவர் ஜெசிந்தா. வயது முப்பத்தொன்று. முன்பு பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்தவர் என்பதால் எல்லோருக்கும் டீச்சர்.

திருவேங்கடத்துக்கு ஐம்பத்தெட்டு. நூற்பு இயந்திரம் செய்கிற கம்பெனியில் முப்பது வருஷம் வரைபடம் போட்டவர். ஒரு போல்ட்டுக்குக்கூட நம்பர் கொடுக்காமல் விடமாட்டார். மகள் வயதுப் பெண்ணிடம் மாணவராகச் சேர்ந்ததில் அவருக்கு வெட்கம் இல்லை. தெரியவில்லை என்று வாயைத் திறந்து சொல்வதில்தான் கொஞ்சம் இருந்தது.

சுவரில் ஒரு நீளமான தாள் ஒட்டியிருந்தது. இந்த மெஷின்களுக்குள் ஓடுகிற புரோகிராம்களை உலகத்தின் எங்கெங்கோ உட்கார்ந்து எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டவர்களின் பெயர்கள். அங்கே வருகிறவர்கள் யாராக இருந்தாலும் ஒரு பெயரைப் படித்து நன்றி சொல்லிவிட்டுத்தான் வேலையில் உட்கார வேண்டும்.

திருவேங்கடம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு போன வாரம் விட்ட இடத்தைத் தேடினார்.

"இந்த ஆளு பேருல உயிரெழுத்தே இல்லீங்க டீச்சர்."

"போலந்துக்காரர். வாய்ல வர்ற மாதிரி சொல்லுங்க."

வாயில் வந்த மாதிரி சொன்னார். நன்றியும் சொன்னார், பஸ்ஸில் கண்டக்டரிடம் இறங்குகிற இடத்தைச் சொல்கிற வேகத்தில்.

"இப்பச் சொல்லுங்க," என்றார் டீச்சர்.

*

சொல்ல நிறைய இருந்தது.

கல்யாணமான மூன்றாம் வருஷம், கம்ப்யூட்டரில் வரைபடம் போடக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று திருவேங்கடம் வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். கற்றுக்கொண்டது கொஞ்சம்தான். அதில் முழு மூச்சாக ஆடியது அவர் மனைவி மரகதம். ஒரு பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடி. பதினோரு மண்டபங்கள் உள்ள ஓர் அரண்மனை. உள்ளே போய், வழி கண்டுபிடித்து, கடைசி மண்டபத்துக்கு வர வேண்டும். அவள் ஆடுவாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்வார். எத்தனையோ சாயங்காலங்கள் அப்படிப் போயின.

இப்போது மரகதத்துக்குக் கண் தெரியாது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, ஐந்து வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, போன ஆடி மாசத்தோடு முழுக்கப் போய்விட்டது. அவள் அழுது அவர் பார்த்ததில்லை. ஒருநாள் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டே, "அந்த அரண்மனைக்கு இன்னொருக்கா போயிட்டு வரலாம்னு இருக்குதுங்க," என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். எதையும் கேட்கிற பெண் இல்லை அவள்.

அன்றே திருவேங்கடம் மகனுக்குப் போன் போட்டு, சாப்பாட்டு டப்பா மூடி அளவுக்கு ஒரு கேம் மெஷின் வரவழைத்தார். கையில் பிடித்து ஆடுகிற மெஷின். உள்ளே லினக்ஸ். சிடி போடத்தான் இடம் கிடையாது. அதனால்தான் இந்த மாடிப்படி.

"படம் அருமையா வருதுங்க. தூணு தூணா எண்ணலாம். அந்தக் காலத்துல கூட இவ்வளவு சுத்தமா இல்ல. நடந்தா காலடிச் சத்தம் வருது. கதவு கிறீச்சுங்குது. சுவத்துல முட்டுனா டொக்குங்குது. மண்டபத்துக்கு ஒரு பாட்டு உண்டுங்க, பதினோரு பாட்டு. அது ஒண்ணுமே வரலை."

"அம்மாகிட்டக் காட்டுனீங்களா?"

"நான் ஆடினேன். அவ பக்கத்துல உக்காந்து கேட்டா. ரெண்டு நிமிஷம் இருக்கும். இது நம்ம அரண்மனை இல்லீங்க, வேற யாரு வீடோன்னுட்டு எந்திரிச்சுப் போயிட்டா."

டீச்சர் இடுக்கியைக் கீழே வைத்தார்.

"சிடியில எத்தனை ஃபைல்?"

"ஆயிரத்து இருநூத்திப் பதினாலு."

"மெஷின்ல?"

"அதே ஆயிரத்து இருநூத்திப் பதினாலுங்க. பிரிண்ட் எடுத்து ஒவ்வொண்ணா டிக் அடிச்சேன். ரெண்டு தடவை."

"சிடியைக் குடுங்க."

கொடுத்தார். டீச்சர் அதைப் பளபளப்பான பக்கம் மேலே வரும்படி திருப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். நடுத்துளையிலிருந்து ஒரு விரற்கடை தள்ளி, மெல்லிய கோடாக ஒரு வளையம் தெரிந்தது. அதை நகத்தால் காட்டினார்.

"உங்க ஆயிரத்து இருநூத்திப் பதினாலும் இங்க முடிஞ்சிருச்சு சார்."

பிறகு நகம் நகர்ந்து சிடியின் விளிம்புக்குப் போனது.

"சிடி இங்க வரைக்கும் நிறைஞ்சிருக்கு."

"அப்போ மீதி?"

"அதைப் பாத்துட்டு அடுத்த ஞாயித்துக்கிழமை வாங்க."

*

அந்த வாரம் முழுவதும் திருவேங்கடம் தேடினார். மறைந்திருக்கிற ஃபைல்களைக் காட்டு என்று கம்ப்யூட்டருக்குக் கட்டளை போட்டார். மூன்று வந்தன, மூன்றும் குப்பை. பெயரில் பெரிய எழுத்து சின்ன எழுத்து மாறியிருக்குமோ என்று, லினக்ஸ் அதில் ரொம்பக் கறார் என்பதால், ஆயிரத்துச் சொச்சத்தையும் மறுபடி பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. எல்லாம் சரியாக இருக்கும்போது தப்பைக் கண்டுபிடிப்பது போல எரிச்சல் பிடித்த வேலை வேறு இல்லை.

மரகதம் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. அவள் கேட்காதது அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பெயரைப் படித்தார், நன்றி சொன்னார், உட்கார்ந்தார்.

"கிடைச்சுதா சார்?"

"இல்லீங்க." பிறகு அவருக்கு மிகவும் சிரமமான அடுத்த வாக்கியத்தையும் சொன்னார். "எனக்குத் தெரியலைங்க டீச்சர்."

டீச்சர் எழுந்து அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினார். கம்ப்யூட்டர் இல்லை. பாட்டு கேட்கிற பழைய சிடி பிளேயர். வீட்டில் கிறிஸ்துமஸ் பாட்டுப் போட வைத்திருந்தது, மூடி கொஞ்சம் விரிசல்.

"இது பாட்டு சிடி போடறதுங்களே. இது கேம் சிடி."

டீச்சர் சிடியை உள்ளே வைத்து மூடினார். சின்னத் திரையில் 12 என்ற எண் வந்தது.

"ஒண்ணாவதை ஓட விடாதீங்க, காது கிழியிற இரைச்சல் வரும். அதுதான் உங்க ஆயிரத்து இருநூத்திப் பதினாலும். தாண்டுங்க."

திருவேங்கடம் பொத்தானை அமுக்கினார். 2 என்று மாறியது.

ஒரு குழல். அதன் பின்னால் மெதுவாக ஒரு மேளம்.

முதல் மண்டபம்.

திருவேங்கடம் அமுக்கிய விரலை எடுக்க மறந்துபோனார். இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய முன்னறை அப்படியே வந்து நின்றது: மின்விசிறி, பச்சைத் திரைச்சீலை, கீபோர்டின் மேல் குனிந்த மரகதத்தின் கழுத்து.

"இதுதானுங்க," என்றார். "இதுதான்."

பாட்டு முடிந்ததும் டீச்சர் பிளேயரை நிறுத்தினார்.

"ஃபைலுக்குத்தான் பேர் இருக்கும் சார். இதுக்குப் பேர் கிடையாது. சிடியில சும்மா ஓடிட்டு இருக்கும். காப்பி பண்றப்ப பட்டியல்ல வராது."

"அப்போ எப்படி எடுக்கறதுங்க?"

"எண்ணாம எடுக்கணும். முழு சிடியையும், அது இருக்கிறபடியே, ஒரே காப்பியா."

எடுத்தார்கள். ஐந்தாவது பாட்டில் ஒரு கீறல். டீச்சரின் கம்ப்யூட்டரில் சிடியைப் படிக்கிற டிரைவ் அங்கே வந்து திணறி நின்றது. டீச்சர் வேகத்தைக் குறைத்து, இன்னும் குறைத்து, மாட்டுவண்டி வேகத்துக்குக் கொண்டுவந்தார். நாற்பது நிமிஷம் ஆனது. பிறகு அந்தக் காப்பியை மெஷினில் ஏற்றி, சிடி இல்லாத மெஷினுக்குள் சிடி இருப்பதாக ஆட்டத்தை நம்ப வைக்கிற புரோகிராமை இயக்கினார். திரையில் அரண்மனைக் கதவு திறந்தது. குழல் வாசித்தது.

"இந்தப் புரோகிராம் யாரு எழுதினதுங்க?"

டீச்சர் சுவரைப் பார்த்தார்.

திருவேங்கடம் எழுந்துபோய்த் தாளின் முன்னால் நின்றார். முதலில் இருந்து ஆரம்பித்தார். உயிரெழுத்து இல்லாதவர், மூன்று பெயர் உள்ளவர், பெயரே சொல்லாமல் வெறும் எண்ணாக எழுதிக்கொண்டவர், எல்லோரையும் ஒருவர் விடாமல் வாயில் வந்த மாதிரி படித்தார். ஒவ்வொரு பெயருக்கும் நிறுத்தி நன்றி சொன்னார். தன் மனைவி கொத்தமல்லி ஆய்ந்துகொண்டே கேட்ட ஒன்றுக்காக, அவளைப் பார்த்தே இராத இத்தனை பேர் வேலை செய்து வைத்திருக்கிறார்கள் என்பது அவருக்குத் தாங்கவில்லை. கடைசிப் பெயர் வருவதற்குள் டீச்சரின் டீ ஆறிப்போயிருந்தது. டீச்சர் அதைக் குடிக்காமல் காத்திருந்தார்.

"உங்களுக்கும் நன்றிங்க டீச்சர்."

"ஒண்ணு மட்டும் சார். வீட்டுக்குப் போனதும் மெஷினை அம்மா கையில குடுத்துருங்க. அரை மணி நேரம் வாயைத் திறக்காதீங்க."

"அதெப்படீங்க? நான்தானே வழி சொல்லோணும். அவளுக்குக் கண்ணு…"

"தெரியும் சார். அரை மணி நேரம்."

*

மத்தியானச் சாப்பாடு முடிந்து மரகதம் முன்னறையில் உட்கார்ந்திருந்தாள். திருவேங்கடம் மெஷினை அவள் மடியில் வைத்தார்.

"என்னங்க இது? மறுபடியுமா?"

அவர் பேசவில்லை. அவள் கையைப் பிடித்துப் பொத்தான்களின் மேல் வைத்தார். ஆட்டத்தைத் தொடங்கிவிட்டு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

குழல் வந்தது.

மரகதம் மெஷினைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முழுப் பாட்டையும் அப்படியே கேட்டாள். கேட்டுவிட்டு இறக்கிப் பிடித்தாள். கட்டைவிரல்கள் பொத்தான்களைத் தடவி, எது எது என்று பழகிக்கொண்டன. காலடிச் சத்தம் கேட்டது. நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

திருவேங்கடம் முன்னெச்சரிக்கையாக பீரோவிலிருந்து, அந்த நாளில் தான் வரைந்த அரண்மனை மேப்புகளை எடுத்து வைத்திருந்தார். கட்டம் போட்ட தாளில் பதினோரு மண்டபங்கள், கதவுகளுக்குச் சிவப்பு மை, ஒவ்வொரு தூணுக்கும் நம்பர். வாய் பூட்டியிருந்தாலும் விரல் தாளின் மேல் அவளோடு நடந்தது. டொக் என்றால் அவள் திரும்புவாள். கதவு கிறீச்சிடும். பாட்டு மாறும்.

பன்னிரண்டு நிமிஷம் தாக்குப்பிடித்தார். நான்காவது மண்டபத்தில் மூன்று வழி பிரிகிற இடம் வந்தது. மனுஷனால் முடியவில்லை.

"இடது பக்கம் கண்ணு. இடது…"

"செத்த சும்மா இருங்க. பாட்டு கேக்கலை."

அவள் ஏற்கெனவே இடது பக்கம் திரும்பியிருந்தாள். அடுத்த திருப்பத்திலும் அவர் விரலுக்கு முன்னால் அவள் போய்விட்டாள். அதற்கடுத்ததில் ஒரு கதவைத் திறந்தாள், வேறு பாட்டு கேட்டது, உடனே பின்வாங்கி அடுத்த கதவுக்குப் போனாள். யோசிக்கக்கூட இல்லை. வீட்டுக்குள் சமையலறைக்குப் போவது போலப் போய்க்கொண்டிருந்தாள். திருவேங்கடத்துக்கு முதலில் பெருமையாக இருந்தது. பிறகு ஏதோ இடித்தது.

"ஏன் மரகதம், உனக்கு வழி எப்படித் தெரியுது?"

"பாட்டுதானுங்க வழி. வேண்டாத பாட்டு வந்தா திரும்பிக்க வேண்டியதுதான்."

"இது எப்பக் கத்துக்கிட்ட?"

"கத்துக்கறதென்ன, எப்பவும் இப்படித்தான் போவேன்."

"அப்பக் கண்ணு நல்லா இருந்துச்சே."

"இருந்துச்சு. அந்த அரண்மனையில தூணு எல்லாம் ஒரே மாதிரி, பாத்தா கொழப்பும். காதுல கேட்டுட்டே போயிருவேன்."

திருவேங்கடம் மடியில் கிடந்த தாள்களைப் பார்த்தார். ஒரு மழைக்காலம் முழுக்க ஸ்கேல் வைத்து வரைந்தவை.

"அப்போ இந்த மேப்பு? நான் இடது வலதுன்னு வழி சொன்னதெல்லாம்?"

மரகதம் நடப்பதை நிறுத்தினாள். ஐந்தாவது மண்டபத்தின் பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் வலது கையை நீட்டித் துழாவி, அவர் முழங்காலைக் கண்டுபிடித்து, அதன் மேல் வைத்துக்கொண்டாள்.

"கம்பெனியில இருந்து வந்தா டிராயிங் போர்டை விட்டு எந்திரிக்க மாட்டீங்க," என்றாள். "எனக்கு வழி தெரியும்னு சொல்லியிருந்தா, நாற்காலியை இழுத்துப் போட்டுட்டு பக்கத்துல வந்து உக்காந்திருப்பீங்களா?"