தளவாயை அழவைத்த மிளகாய்

ரொம்பக் காலத்துக்கு முன்னால் மருதங்கோட்டை நாட்டைக் கண்டீரவன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். அவருக்குக் காரப் பைத்தியம். சபையில் கண்கலங்காமல் மிளகாய் தின்பவருக்குத்தான் முன்வரிசை ஆசனம். அழுதால் ஆசனம் போச்சு. ராஜாவுக்கே தினமும் வயிறு எரியும், வெளியே சொல்லமாட்டார். கௌரவமாம்!

மூன்று வருஷமாக அந்த ஆசனம் படைத் தளவாய் விருப்பாட்சிக்குத்தான். இருபது சிவப்பு மிளகாயை வேர்க்கடலை மாதிரி மென்றுவிட்டு மீசையை முறுக்குவார். அத்தனையும் அரண்மனைத் தோட்டக்காரி குருவம்மாவின் மேற்குப் பாத்தியில் திருடியவை. அங்கே விளைந்தது விரல் நீளத்துக் குட்டி இனிப்பு மிளகாய். பார்த்தால் நெருப்பு, கடித்தால் பழம்.

களவு குருவம்மாவுக்குத் தெரிந்துவிட்டதென்று தளவாய் மோப்பம் பிடித்தார். விதையை வீட்டுக்குக் கடத்திக்கொண்டு, "ராஜா, மேற்குப் பாத்தியில் பூச்சி! உடனே பிடுங்கி எரிக்கவேண்டும்" என்றார். ராஜாவும் தலையாட்டிவிட்டார்.

குருவம்மா ஐந்து வருஷம் பொறுக்கிப் பொறுக்கி எடுத்த விதை அது. மறுநாள் ஆட்கள் பாத்தியில் கை வைக்குமுன் ஒரு தட்டு மிளகாயோடு சபைக்கு வந்தாள்.

"தளவாய் ஐயா சாப்பிடணும்."

"எந்தப் பாத்தி?" தளவாய் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"பூச்சி விழுந்ததை உங்களுக்குக் கொடுப்பேனா? கிழக்குப் பாத்தி. நேற்று இதை மோந்து பார்த்த யானை இன்னும் தும்முகிறது ஐயா."

தளவாய் தட்டைக் கொஞ்சம் தள்ளிவைத்தார். சபையே பார்க்கிறது, என்ன செய்வார்? கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைக் கடித்தார்.

"ஐயோ, எரியுதே! மோர்! மோர் கொண்டாங்க!"

கண்ணீர் மீசையில் சொட்டியது. அசந்துபோன ராஜா தானும் ஒன்றைக் கடித்தார். மென்றார். இன்னொன்றை எடுத்தார்.

"குருவம்மா, இது இனிக்கிறதே!"

"மேற்குப் பாத்தி மிளகாய்தான் ராஜா. இத்தனை நாள் ஐயா மென்றதும் இதுதான். இன்று பயத்தில் எரிந்திருக்கிறது."

"அப்போ பூச்சி?"

"அது ரெண்டு காலில் வந்த பூச்சி ராஜா."

ராஜா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். தட்டு பாதி காலி. வயிறு எரியவே இல்லை.

"காரம்தான் கிடையாது, சத்துக்குக் குறைவில்லை" என்றாள் அவள். "பச்சையாகப் பறித்தால் சப்பென்று இருக்கும். செடியிலேயே சிவக்க விட்டால் ருசியும் கூடும், சத்தும் கூடும். சமைக்காமலே தின்னலாம்."

"பாத்தி உன்னுடையது. இனி என் இலையில் தினமும் இதுதான். அழுதவர் ஆசனமும் உனக்கே!"

"உட்கார ஆசைதான் ராஜா. பாத்திக்கு யார் தண்ணீர் இறைப்பது?"

ராஜா தளவாயைப் பார்த்தார். தளவாய் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கிணறு எந்தப் பக்கம் என்று கேட்டார்.