கூடப் பேசின மைனா

ஒரு மலைக்காட்டுல சடையப்பன்னு ஒரு கரடி இருந்துச்சு. தங்கமான கரடி. ஆனா மனசு மட்டும் அதுபாட்டுக்கு ஏறும், அதுபாட்டுக்கு இறங்கும்.

ஏறுச்சுன்னா தூக்கமே கிடையாது. "காட்டுக்கே நான் கூரை போடப் போறேன்!"னு மூணு நாளு மூங்கில் சுமக்கும். இறங்குச்சுன்னா குகைக்குள்ள சுவத்தப் பாத்துப் படுத்துக்கும். மூக்கு மேல தேன் சொட்டினாலும் நக்காது.

"கொழுப்பு!"ன்னுச்சு நரி. "சோம்பேறி!"ன்னுச்சு பன்னி.

வைத்தியர் இருவாச்சிப் பறவை அந்தப் பெரிய மூக்க ஆட்டி ஆட்டிச் சொல்லுச்சு. "ரெண்டும் இல்லய்யா, இது நோவு! தெனமும் பச்சிலை திங்கணும். துணைக்கு ஒருத்தர் வேணும்."

"நான் வாரேன்! நான் வாரேன்!"னு பறந்து வந்துச்சு மைனா சொர்ணம். "என்ன வேல வைத்தியரே?"

"ஒண்ணுமில்ல. கூட இரு. கூடப் பேசு. போதும்."

சொர்ணம் வளந்ததோ சந்தை பக்கத்துப் புளியமரத்துல. அங்க "கூடப் போடு, கூடப் போடு"ன்னா இன்னும் அதிகமாப் போடுன்னு அர்த்தம். "அட, இவ்வளவுதானா? கூடவே பேசிடுறேன்!"னு கெளம்பிடுச்சு.

அன்னிக்குக் கரடிக்கு மனசு ஏறியிருந்துச்சு.

"சொர்ணம், பத்து மரத்துத் தேன எடுக்கப் போறேன்!"

"பத்தா? நூறு எடு அண்ணே!"

"நான் ஓடுனா காத்தே தோத்துரும்!"

"ஓடுறதென்ன ஓடுறது, நீ பறந்துருவ அண்ணே!"

பறக்கறதா! கரடிக்குக் கண்ணு பளபளன்னுச்சு. ஒரே ஓட்டமா அருவிப்பாறை உச்சிக்குப் போயிடுச்சு. கீழயா? பனமரத்து மேல பனமரம் நிறுத்தின ஆழம்!

சொர்ணம் பின்னாலேயே பறந்து வந்துச்சு. "அய்யய்யோ, சும்மா சொன்னேன் அண்ணே! உனக்கு றெக்கை இல்ல!"

"இப்ப மொளைச்சிருச்சு! ஒண்ணு... ரெண்டு..."

பாறையில ஒரு எருமை மேஞ்சுகிட்டு இருந்துச்சு. பேருதான் பேச்சி. பேசறது நாளைக்கு நாலு வார்த்தை. அது மெதுவா நடந்து வந்து, கரடிக்கும் பள்ளத்துக்கும் நடுவுல தொப்புன்னு படுத்துச்சு.

"தள்ளு! நான் பறக்கணும்!"

"ம். தூங்குனியா?"

"தூக்கமா? எனக்கா? தள்ளுடீ!"

"பச்சிலை?"

"மறந்துட்டேன்! தள்ளு!"

"ம்."

கரடி தள்ளுச்சு, இழுத்துச்சு, உறுமுச்சு. பேச்சி அசை போட்டுகிட்டே கெடந்துச்சு. வெயில் சாயறதுக்குள்ள கரடிக்குக் காலு தொவண்டு போச்சு. எருமை வயித்துல சாஞ்சுச்சு. அந்த வயிறு மெதுவா ஏறி மெதுவா இறங்க, கரடிக்கும் மூச்சு அதே மாதிரி ஆச்சு. கொர்ர்ர்!

சேதி கேட்டு வந்த வைத்தியர் சொர்ணத்தப் புடிச்சுகிச்சு. "கூடப் பேசுன்னா சேந்து பேசுன்னு அர்த்தம்! நீ என்ன, ஏலம் விட்டியா?"

சொர்ணம் மூக்கச் சிந்திகிட்டே எருமைகிட்டப் போச்சு. "நீ என்ன மந்திரம்டீ போட்ட?"

"நகரல."

பத்து நாளு கழிச்சு கரடிக்கு மனசு இறங்கிப் போச்சு. குகை வாசல்ல பேச்சி படுத்துச்சு. பக்கத்துல சொர்ணம்.

"நான் எதுக்கும் லாயக்கில்ல"ன்னுச்சு கரடி, சுவத்தப் பாத்து.

'இந்தக் காடே லாயக்கில்ல அண்ணே!'ன்னு சொல்லச் சொர்ணத்துக்கு நாக்கு துறுதுறுன்னுச்சு. மூக்கத் தூக்கி றெக்கைக்குள்ள சொருகிகிச்சு.

"பச்சிலை?"ன்னுச்சு பேச்சி.

"வேணாம்."

"ம்."

மறுநாளும் அதே "பச்சிலை?", அதே "வேணாம்", அதே "ம்". நாலாம் நாளு, கரடி திரும்பாமலே ஒரு கைய மட்டும் பின்னால நீட்டுச்சு. சொர்ணம் சத்தமே போடாம இலைய அதுல வெச்சுச்சு.

கரடி மென்னுச்சு. "கசக்குது."

"கசக்கும்"னுச்சு பேச்சி. நகரல.

ஒருத்தன் மனசு ஏறயில தானும் ஏறாம, இறங்கயில தானும் இறங்காம, பக்கத்துலயே இருக்கறவன்தான் நல்ல துணை.