ஐந்தரை மணிக்கு இரையும் பெட்டி

இந்தக் கதையில் கிராஃபிக்ஸ் கார்டு என்று ஒன்று வரும். நடுவில் நிறுத்தி அது என்னவென்று கேட்டால் எனக்குப் பிடிக்காது; ஆகவே இப்போதே சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டர் விளையாட்டில் ஓடும் படங்களை வரைந்து தள்ளுவது அதுதான். செங்கல் அளவு இருக்கும், விசிறி வைத்திருக்கும், வேலை கொடுத்தால் சூடாகிச் சத்தம் போடும். நொடிக்கு எத்தனை படம் வரைகிறதோ அத்தனை மரியாதை. இவ்வளவு தெரிந்தால் போதும்.

பாளையங்கோட்டை அடுக்குமாடி ஒன்றில் ஜெபசிங் என்றொருவர் இருந்தார். தினமும் ஐந்தரைக்கு வேலைவிட்டு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் விளையாட்டுப் பெட்டியைப் போடுவார். அது மெல்ல முனக ஆரம்பிக்கும். ஆறு வருடமாக அவர் மனைவி ஹெப்சிபாவுக்கு அந்த முனகல்தான் புருஷன் வீடு வந்து சேர்ந்த அடையாளம்.

கார்டு பழசாகிவிட்டது, புதிது வாங்க வேண்டும் என்று தோன்றியது ஜெபசிங்குக்கு. அடுத்த தெருவில் கல்யாண வீடியோ வெட்டி ஒட்டிப் பிழைக்கும் இசக்கியப்பனிடம் பெரிய கார்டு ஒன்று இருந்தது. யூடியூபில் எவனோ சொல்லும் எண்ணை இந்த இரண்டு பேரும் நம்ப மாட்டார்கள். இவன் கார்டை அவன் பெட்டியில், அவன் கார்டை இவன் பெட்டியில் ஒரு வாரம் மாட்டித் தாங்களே அளந்து பார்த்தால்தான் திருப்தி. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் ஆராதனை முடிந்து வந்ததும் மாற்றி மாட்டினார்கள். டார்ச் பிடித்தது ஹெப்சிபா.

தினமும் ஐந்தரைக்குப் பெட்டி தானே விழித்து ஆறு நிமிடம் சோதனை ஓட்டும்படி ஜெபசிங் ஏற்பாடு செய்தார். முடிந்ததும் திரையில் உள்ள அட்டவணையில் ஒரு வரி சேரும். தேதி, சூடு, நொடிக்கு எத்தனை படம். பழைய கார்டுக்கு அறுபத்து நான்கு, இதற்கு நூற்றுப் பன்னிரண்டு. வரியின் கடைசியில், "சோதித்தவர்: ஜெபசிங்."

முதல் நாளே அடுக்களையிலிருந்து குரல் வந்தது. "என்ன, மாவு மில்லைத் தூக்கிட்டு வந்து வச்சிருக்கீங்களா?"

"ஒரு வாரம்தான், பொறுத்துக்கோ."

புதன்கிழமை காலை, பஸ் ஸ்டாப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். அவ்வளவுதான்.

வியாழக்கிழமை அடக்கம். திரும்பி வந்து போதகர் ஜெபம் சொல்லிக்கொண்டிருக்கையில், ஆளில்லாத அறையில் பெட்டி விழித்து இரைந்தது. எட்டிப் பார்த்தார்கள். திரையில் அன்றைய தேதி. சோதித்தவர்: ஜெபசிங். ஜெபம் பாதியில் நின்றது. அதை அணைக்க ஒருவருக்கும் கை வரவில்லை.

அதன்பிறகு தினமும் ஐந்தரைக்கு ஹெப்சிபா டீயை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பெட்டியின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். முகத்தில் சலனமே கிடையாது. செத்தவர் பெயரில் வரி மேல் வரியாக ஏறிக்கொண்டே போனது. குடியிருப்பில் அந்த நேரத்துக்கு யாரும் அவர்கள் மாடிப்பக்கம் போவதில்லை.

இசக்கியப்பன் நான்கு தடவை வந்தான். சட்டைப்பையில் ஸ்குரூ டிரைவர். ஒரு நாளில் முடிகிற வீடியோ, ஜெபசிங்கின் பழைய கார்டில் மூன்று நாள் இழுத்தது. இரண்டு கல்யாண வீட்டார் வேறு ஆளிடம் போய்விட்டார்கள். ஆனால் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவளைப் பார்த்ததும், "சும்மாதான் வந்தேன் அக்கா" என்று திரும்பிவிடுவான்.

நாற்பதாம் நாள் அந்த ஸ்குரூ டிரைவரை ஜெபசிங்கின் அக்கா எமிலி பார்த்துவிட்டாள். கணக்கு டீச்சர், சுற்றி வளைக்கத் தெரியாது. அவனை நிறுத்தி விஷயத்தைக் கறந்தாள். நேராக அறைக்குப் போனாள்.

"ஹெப்சி, நீ கேட்டுட்டு இருக்கறது என் தம்பி இல்ல. இசக்கியப்பனோட கார்டு. அவன் பொழைப்பு போகுது, தெரியுமா?"

ஹெப்சிபா டீயைக் கீழே வைத்தாள். "கழட்டி எடுத்துக்க, இசக்கி."

"நீங்க வருத்தப்படுவீங்கன்னுதான் அக்கா..."

"டார்ச் பிடிக்கிறேன். எடு."

எடுத்தான். ஜெபசிங்கின் பழைய கார்டைக் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போனான்.

மறுநாள் ஐந்தரைக்குப் பெட்டி மெல்ல முனகியது. அறுபத்து நான்கு. சோதித்தவர்: ஜெபசிங். எமிலி அறையில் காத்திருந்தாள். ஸ்டூல் காலியாகக் கிடந்தது. அடுக்களையில் ஹெப்சிபா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது.

வாயைத் திறக்காத இசக்கியப்பன், போட்டு உடைத்த எமிலி, கழற்றிக் கொடுத்த ஹெப்சிபா. இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: எமிலி. ஆனால் அவளும் பாதிதான் புரிந்துகொண்டாள். அது யாருடைய கார்டு என்று ஹெப்சிபாவுக்கு முதல் நாளே தெரியும். டார்ச் பிடித்தவளுக்குத் தெரியாதா? நாற்பது நாள் அவள் புருஷன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. அது அவர் சத்தம் இல்லை என்பதால்தான் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிக்க முடிந்தது. மாவு மில் இரைகிற வரைக்கும் ஜெபசிங் இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. அதற்காக இன்னொருவன் பிழைப்பைப் பிடித்து வைத்திருந்தது தப்பு. கருணை என்று நினைத்து இசக்கியப்பன் அதற்குத் துணை போனான். உண்மையைச் சொன்னவள் எமிலி ஒருத்திதான். அந்த உண்மையோடு தினமும் ஐந்தரை மணிக்கு வீட்டில் இருக்கப்போகிறவள் எமிலி இல்லை.