தாத்தா இருந்த இடம்

ஒரு விடுகதை போடுகிறேன். தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வருவார், வாசற்படியை மிதிக்க மாட்டார். ஊட்டினால் சாப்பிட மாட்டார், ஊட்டாவிட்டால் ஏங்கிப் போவார். யார்? யோசித்துக்கொண்டே கதையைக் கேளுங்கள்.

வேதாசலத்துக்கு எழுபது வயது. பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய குரு தவமணி அம்மாவுக்கு ஐம்பதுகூட ஆகவில்லை. ஊர்க்கோடியில் சின்னதாக ஓர் ஆசிரமம் நடத்தினார். "அப்பா வயசுல சீடர்" என்று ஊரில் கேலி செய்வார்கள். இருவரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

ஊரடங்கு தொடங்கிய வாரத்தில் புனேயில் வேதாசலத்தின் மகள் செண்பகாவுக்குக் குழந்தை பிறந்தது. பெயர் ஆதிரை. போய்ப் பார்க்க ரயில் இல்லை. ரயில் விட்டபோது இவருக்குக் காய்ச்சல். காய்ச்சல் விட்டபோது மறுபடியும் ஊரடங்கு. இருபது மாதம் தனி வீட்டில் உட்கார்ந்து, பேத்தியை அவர் செல்போனில்தான் பார்த்தார்.

இப்போதுதான் மகளும் பேத்தியும் வந்திருந்தார்கள். மூன்றே நாள். இன்று மாலை ரயில்.

மதியம் மூவரும் ஆசிரமத்துக்கு வந்தார்கள்.

"என்ன ஐயா, பேத்தி உங்க இடுப்புல இல்லையே?" என்று கேட்டார் தவமணி அம்மா.

"கிட்டப் போனாலே அலறுதும்மா. புதுச் சட்டை போட்டேன். குத்துமேன்னு மீசையைக்கூட எடுத்துட்டேன். ஒரு தடவை தொட விடல." "இருபது மாசம் தினமும் பேசினேனே. இவளுக்கு நான் யாரும்மா?"

அம்மா அவர் கையிலிருந்த போனைப் பார்த்தார்.

"போன்ல எப்படிப் பேசுவீங்க? பேசிக் காட்டுங்க."

வேதாசலம் வெளியே போய் மகளின் போனுக்கு வீடியோவில் கூப்பிட்டார். வழக்கம்போல, மூக்கில் இடிக்கிற மாதிரி போனைப் பிடித்தார். திரையில் நெற்றி தெரிந்தது, மூக்குக்கண்ணாடியின் மேல்விளிம்பு தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை.

கூடத்தில் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்த ஆதிரையிடம் செண்பகா போனைக் கொடுத்தாள். ஆதிரை துள்ளினாள்.

"தாத்தா!"

ஒரு வாய் தயிர்ச்சோற்றை அள்ளித் திரையில் அப்பினாள்.

செண்பகா தலையில் அடித்துக்கொண்டாள். "தினமும் இதே கூத்துதாம்மா. தாத்தாவுக்கு ஊட்டுறாளாம். போனைத் தள்ளிப் பிடிங்கப்பான்னு நூறு தடவை சொல்லியாச்சு."

அம்மா எழுந்து வெளியே போனார்.

"அவளை நீங்க முழுசாப் பார்த்தீங்க. அவளுக்கு எவ்வளவு காட்டினீங்க?"

வேதாசலம் திரையின் மூலையில் தெரிந்த தன் நெற்றியைப் பார்த்தார்.

கூடத்தின் ஓரத்தில் இரண்டடி உயரத்துக்கு ஒரு கட்டைச்சுவர் உண்டு. அம்மா அதைக் காட்டினார்.

"பின்னால குனிஞ்சு உட்காருங்க. நெத்தி மட்டும் தெரியட்டும். கூப்பிடாதீங்க."

அவர் போனை அணைத்துவிட்டு, சுவருக்குப் பின்னால் மண்டியிட்டுக் குனிந்தார். சுவருக்கு மேல் நெற்றி மட்டும் எழுந்தது. ஆதிரை இருட்டிப்போன போனைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். அசையவில்லை.

"எவ்வளவு நேரம்மா?" என்று கிசுகிசுத்தார். "முட்டி வலிக்குது."

"இருபது மாசம் உட்கார்ந்தீங்களே ஐயா."

ஆதிரை போனைத் தரையில் வைத்தாள். கிண்ணத்திலிருந்து ஒரு வாய் சோறு அள்ளினாள். சுவர்வரை நடந்து போய், அதை அவர் நெற்றியில் அப்பினாள்.