இன்னும் கழட்டாத பாகம்

ஏசியை உச்சத்தில் வைத்து, சால்வை போர்த்திக்கொண்டு டிரக்கில் வருவதுதான் குவாரி முதலாளி பொன்னுரங்கத்தின் கெத்து. அது கியர் தானாக மாறும் பழைய வண்டி. வேகம் குறைந்தால் போதும், எஞ்சின் அணைந்து பொசுக்கென்று நின்றுவிடும். ‘டிரைவர் ராசி சரியில்லை’ என்று மூன்று பேரை விரட்டிவிட்டார்.

அடுத்து வந்தவர் காத்தமுத்து. முதல் நாளே கடைவீதி வேகத்தடையில் வண்டி நின்றது.

“உன் ராசியும் இதுதானா? இப்பவே சரிபண்ணு, இல்லேன்னா இறங்கி நட!”

“பட்டறையில விசாரிச்சேன் முதலாளி. மெக்கானிக் ஒவ்வொண்ணா கழட்டிப் பார்த்துட்டாராம். இன்னும் கழட்டாதது நீங்க ஒருத்தர்தான். கொஞ்சம் இறங்குங்க.”

கடைவீதியே திரும்பிப் பார்த்தது. பொன்னுரங்கம் திகைப்பில் இறங்கிவிட்டார். காத்தமுத்து வேகத்தடையில் வண்டியைத் திரும்பத் திரும்ப ஊர்ந்தபடி ஓட்டிக் காட்டினார். வண்டி நிற்கவே இல்லை.

பொன்னுரங்கத்துக்கு முகம் வெளிறியது. “அப்போ... பீடை நானா?”

“நீங்க இல்ல, உங்க ஏசி. நீங்க இறங்கினதும் அணைச்சுட்டேன். மெதுவா போறப்ப அதையும் சேர்த்து இழுக்க இந்தக் கிழட்டு எஞ்சினுக்குத் தெம்பில்ல. நீங்க இல்லாதப்போ ஏசி போடக்கூடாதுங்கிறது உங்க உத்தரவு. அதான் பட்டறையில ஒருநாளும் நிக்கல.”

பொன்னுரங்கம் ஏறி, ஏசியைப் போடாமல் ஜன்னல் கண்ணாடியை இறக்கினார்.

“அப்ப விரட்டுன மூணு பேரு?” என்றது டீக்கடையிலிருந்து ஒரு குரல்.

கண்ணாடி சட்டென்று மேலே ஏறியது. உள்ளே முதலாளிக்கு வேர்த்துக் கொட்டியது.